கவுண்ட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே விமர்சனம் எழுதிய செல்வி

செல்வி இறந்துவிட்டாள்.

காலையில் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். “நெஞ்சு வலிக்குதுன்னாக்கா... ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றார். 

ஃபேஸ்புக்கில் ‘செல்வி பார்த்த படம்’ பக்கத்தைப் படித்தவர்களில் பலர் அவளை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். மதுரையில் ஒரு தியேட்டரில் ஆறு வருடம் என் பக்கத்து கவுண்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள் அவள். செல்லூரில் வீடு, வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், ஒரு மகள் காலேஜ் படிக்கிறாள்.

டிக்கெட் கொடுத்து முடித்ததும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். எப்போதும் முதல் பத்து நிமிடம் போயிருக்கும். லீவு நாளில் தன் காசில் டிக்கெட் எடுத்து வந்து, அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்த பிறகுதான் எழுதுவாள்.

“எதுக்குடி இம்புட்டுப் பாடு? மொத பத்து நிமிசத்துல என்ன இருக்கப்போகுது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மொதல்லருந்து பாக்காமப் பேசுனா அது பேரு விமர்சனம் இல்லக்கா... பொரணி.”

அவளுக்கு வேலை போனது ஒரு ஹாலிவுட் படத்தால். தமிழில் டப் செய்து எங்கள் தியேட்டரில் ஓடிய பெரிய பட்ஜெட் படம். செல்வி எழுதினாள்: “இரண்டாம் பாதியில் ஒரு ஊரையே இடித்துத் தள்ளுகிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாருமே கேட்கவில்லை. காப்பாற்ற வந்த ஹீரோவும் கேட்கவில்லை.”

யாரோ அதை எடுத்து, ‘தியேட்டர்காரங்களே சொல்றாங்க, படம் சுமார்’ என்று ஷேர் செய்ய... பரவிவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “நீங்க சொன்னாக் கேப்பா. அத டெலீட் பண்ணச் சொல்லுங்க.”

நானும் போய்ச் சொன்னேன். நான்தான் போய்ச் சொன்னேன். “ஒரு பதிவுதானடி, எடுத்துட்டுப் போயேன். மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டாமா?”

செல்வி கேட்டாள்: “டிக்கெட்டுக் குடுக்கத்தானக்கா சம்பளம் தாராங்க? என் கண்ணுக்கும் சேத்தா தாராங்க?”

மறுவாரம், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது நான் கம்ப்யூட்டர் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மேனேஜர் சார் என் ஃபேஸ்புக் நண்பர்தான். இதைப் படிப்பார். படிக்கட்டும்.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். “யக்கா, ஒம்மேல கோவம்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு படம் சொல்றேன், பாரு.”

வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் வெளிநாட்டுப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். போனில், இங்கிலீஷ் சப்டைட்டிலோடு. ஒரு வரி வந்ததும் நிறுத்துவாள். தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் தேடுவாள். பிறகு அடுத்த வரி. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இரண்டு நாள் ஆகும்.

“அங்க பனி கொட்டுதுக்கா, வீட்டுக்குள்ள கோட்டுப் போட்டுத் திரியுறாங்க. ஆனா மாமியா நம்மூரு மாமியாதான்.”

அவார்டு வாங்கிய ஒரு படத்தை, ‘அழகாக எடுத்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் டைரக்டருக்கே தெரியவில்லை’ என்று எழுதினாள். உலக சினிமாவைப் பற்றிப் பேச ஒரு தகுதி வேண்டும் என்று ஒருவர் கமெண்ட் போட்டார். செல்வி போட்ட பதில் ஒரே வரி: “மூணு தடவ பாத்தேன் சார், நீங்க எத்தன தடவ பாத்தீங்க?”



பிறகு திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. தினமும் பஸ். பஸ்ஸிலும் படம்.

போன வருடம் அலங்காநல்லூர்ப் பக்கம் சிலர் கைக்காசு போட்டு ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். தன் பெயருக்குப் பட்டா வாங்க அலையும் ஒரு பெண்ணின் கதை. எங்கள் தியேட்டரில் ஒரு வாரத்துக்குக் காலைக் காட்சி மட்டும் கொடுத்தார்கள். கூட்டமில்லாவிட்டால் நடுவிலேயே தூக்கிவிடுவார்கள்.

முதல் நாள். தலையைக் குனிந்தபடி “எத்தன டிக்கெட்?” என்று கேட்டேன்.

“எட்டு குடுக்கா.”

செல்வி! லீவு போட்டுவிட்டு, ஜவுளிக்கடைப் பெண்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு... வேலையை விட்டு அனுப்பிய இடத்துக்கு அன்றுதான் திரும்ப வந்தாள். இந்த முறை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரித்தாள்.

மேனேஜர் வெளியே வந்தார். “என்ன செல்வி, நம்மூர்ப் படம். நல்லா எழுதிருவீல்ல?”

“பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

தாலுகா ஆபீஸ் காட்சியை, தான் இதுவரை பார்த்ததிலேயே உண்மையான காட்சி என்று எழுதினாள். முடிவை மட்டும் பொய் என்றாள். படத்தின் டைரக்டர் போனில் அழாத குறையாகப் பேசினாராம். “நம்ம ஆளுகக்கா... கொஞ்சம் விட்டுக்குடுக்கக் கூடாதா?”

“நம்ம ஆளுகன்னுதான் தம்பி எட்டுப் பேரா வந்தோம். பாத்ததச் சொல்லலன்னா நாளைக்கு நான் நல்லாருக்குன்னா எவன் நம்புவான்?”

முடிவு பொய்யா இல்லையா என்று அவள் பதிவின் கீழே பெரிய சண்டை. சண்டை போட்டவர்கள் படத்துக்கு வந்தார்கள். அந்த வாரம் முழுக்கக் காலைக் காட்சி ஓடியது. டைரக்டர் இன்று செல்லூர் வீட்டில்தான் இருக்கிறார், நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள்.

மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அவளைப் படித்தவர்கள் வாருங்கள். செல்லூர்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

நான் லீவு கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஏறிட்டேன் செல்வி... வாரேன்.