வாத்தியார் பெட்டிக்கு நான் எழுதிய பட்டியல்

ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளி, மண்சாலை முடிகிற இடத்தில் இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை முழுக்க என் கையில்தான். இங்கிலீஷ் தெரியும் என்ற தலைக்கனம் அப்போது எனக்கு நிறையவே உண்டு. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்கள் ஆட்களின் மனதைக் கெடுக்கின்றன என்று மற்ற துரைமார்கள் பேசிக்கொள்கிறார்களாம். துரைக்குத் தோட்டத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. நான் போய் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, எது எதைப் பற்றியது என்று இங்கிலீஷில் புத்தகத்துக்கு ஒரு வரியாக எழுதி வர வேண்டும். தப்பான புத்தகம் ஒன்று இருந்தாலும் வாத்தியாருக்கு இருபத்து நாலு மணி நேர நோட்டீஸ் என்றார். வாத்தியாரின் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அக்கம்பக்கத்தில் அவர்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது.

மறுநாள் மத்தியானம் போனேன். பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் பின்னால் ஒரே அறை, அதுதான் அவர்கள் வீடு. விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். வாத்தியாருக்கும் என் வயதுதான். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் மனைவி கறுப்புக் காப்பி போட்டு வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்படி ஒரு கலவையை நான் அதற்கு முன் கண்டதில்லை. மேலாக ஒரு மாட்டு வைத்தியம். அதற்குக் கீழே மெஸ்மெரிசம் கற்றுக்கொள்ள ஒரு புத்தகம். எதிராளியின் கண்ணை எத்தனை நேரம் உற்றுப் பார்க்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. காலாவதியான பஞ்சாங்கங்கள் நாலைந்து, க்ஷேத்திர கணிதம், ரவிக்கை வெட்டித் தைக்கும் முறை, கொலைச்சிந்து ஒன்று, அட்டை போன கிறிஸ்தவ வேத வினாவிடை. வாத்தியார் வேதக்காரர் இல்லை. பத்து பாகாட் டவுனில் யாரோ பழைய காகிதக்காரனிடம் போட இருந்தார்கள், கேட்டு வாங்கி வந்தேன் என்றார். பூகோளப் புத்தகத்தில் ஜொகூரைத் தேடினேன். சிங்கப்பூர் இருந்தது, நாங்கள் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதனின் சோற்றில் கைவைக்க வந்தவன் நான். வந்த வேலையை மறந்து, தேள் கடிக்கு என்ன செய்வது என்று இரண்டு பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்கு வந்ததிலிருந்து எனக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் அரிசி சுற்றி வந்த பத்திரிகைக் காகிதம்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு இந்த ஆள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

பாதிப் பெட்டி காலியானபோது அந்த இரண்டும் வந்தன. ஒன்று வெள்ளைக்காரன் இந்தியாவை எப்படிச் சுரண்டினான் என்று சொல்வது. இன்னொன்று சாதியையும் சாமியையும் ஒரே மூச்சில் கிழிப்பது. வாத்தியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் முதலாவதற்கு ‘விவசாயம்’ என்றும், இரண்டாவதற்கு ‘பக்திப் பாடல்கள்’ என்றும் எழுதினேன். எழுதியதை மெதுவாகத் தமிழில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். துரையை ஏமாற்றும் அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அந்த மிதப்பில் மிச்சத்தை மளமளவென்று எழுதித் தள்ளினேன்.

கடைசியில் வந்தவற்றில் ஒன்று கடிதம் எழுதப் பழக்கும் புத்தகம். தகப்பனுக்கு மகன், சம்பந்திக்குச் சம்பந்தி, சர்க்காருக்கு மனு என்று மாதிரிகள் போட்டிருந்தது. அதை மட்டும் வாத்தியார் உடனே கொடுக்காமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். கைவிட்டுப் போய்விடுமோ என்று பார்க்கிறார் என நினைத்தேன். வாங்கி, உள்ளது உள்ளபடி, ‘கடிதங்களும் மனுக்களும் எழுதும் முறை’ என்று எழுதினேன். இதில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

திங்கட்கிழமை துரை என் பட்டியலை விரலால் கீழே வரை தடவிக்கொண்டே போனார். விவசாயத்தில் விரல் நிற்கவில்லை, பக்தியிலும் நிற்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு கடிதப் புத்தகத்தில் விரல் நின்றது. அதைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்ததும், மனு மாதிரி எங்கே இருக்கிறதோ அங்கே எடுத்து, வரி வரியாக இங்கிலீஷில் சொல் என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து, டைப் அடித்த ஒரு காகிதத்தைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னேன். கருணையே வடிவான ஐயா அவர்கள் சமூகத்துக்கு, திக்கற்ற ஏழைகள் அடிபணிந்து எழுதிக்கொண்டது. ஒவ்வொரு வரிக்கும் துரை அந்தக் காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மூன்றாவது வரியைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் விளங்கியது. அந்த வருஷம் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓடைத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் செத்தன. கிணறு கேட்டுச் சர்க்காரின் லேபர் ஆபீசுக்கு யாரோ பெயர் போடாமல் மனு எழுதினார்கள். ஒரு வெள்ளைக்காரர் வந்து ஓடையைப் பார்த்துவிட்டுப் போனார். துரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம்கூடக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். லேபர் ஆபீசில் இங்கிலீஷில் பெயர்த்த மனுதான் அவர் முன்னால் கிடந்தது. இந்தியப் புத்தகம், கெட்ட புத்தகம் என்றதெல்லாம் சாக்கு. எழுதியவன் யார் என்றுதான் அவர் தேடிக்கொண்டிருந்தார். பொய் தேவையே இல்லாத இரண்டு இடத்தில் பொய் சொல்லி வீரனானேன். சொல்லியே ஆகவேண்டிய ஓரிடத்தில் அரிச்சந்திரனாகிவிட்டேன்.

நோட்டீசையும் நான்தான் டைப் அடித்தேன். எட்டு மாதக் கர்ப்பிணி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். துரை என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் மிச்ச வரியையும் அடித்து முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டுவண்டி வந்தது. பொந்தியான் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், இடம் கொடுப்பாரா தெரியாது என்றார் வாத்தியார். அவர் மனைவி வண்டிக்குள் பாய்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தை வாத்தியார் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். ஏற்றி வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மனு நான்தான் எழுதினேன். அந்தக் கடுதாசிப் புஸ்தகத்த நான் கையிலயே வெச்சிருந்தப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அதையும் நீங்க மாத்திதான் எழுதியிருப்பீங்க, தெரியும். எவனோ போய்ச் சொல்லிட்டான். கங்காணியாத்தான் இருக்கணும், என்ன?”

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவியும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“ஆமா,” என்றேன். “கங்காணிதான்.”