மொட்டை மாடிப் பாசி

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் என் மனைவி நான்கு தொட்டிகளில் பாசி வளர்த்தாள். கும்பளங்கியில் இறால் வளர்க்கும் கட்டுக்குளம் ஒன்றின் தண்ணீரிலிருந்து அவளே பிரித்தெடுத்த வகை. வெயிலைத் தின்று உடம்பில் எண்ணெய் சேர்க்கும். அந்த எண்ணெயை டீசலாக மாற்றலாம். அப்படி மாற்றிய ஒரு பாட்டில் டீசலில் பழைய பம்பு செட் ஓடியதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆலுவாவிலிருந்து ஆலைக்காரர்கள் திங்கட்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் பெரிய குளம் ஒன்றை அவளிடம் விடுவார்கள். கல்லூரி வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியவளுக்கு வேறு வழி எதுவும் மிச்சமில்லை. தொட்டிகள் அடர்ந்து தெரியட்டும் என்று, ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தியிருந்த விதைப் பாசியையும் அந்த வாரம் ஊற்றிவிட்டிருந்தாள்.

மழைக்காலத்தில் இங்கே ஞாயிற்றுக்கிழமை 'ட்ரை டே'. கொசு முட்டையிடாமலிருக்க, தேங்கிய தண்ணீரை வீடுவீடாகப் பார்த்துக் கொட்டுவார்கள். சந்தில் எங்கள் பக்கம் கீழ்வீட்டு அக்காவின் பொறுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். மாடித் தண்ணீரை மட்டும் கொட்ட வேண்டாம் என்று மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் பக்கத்து வீட்டில் டெங்கு. ஞாயிறு காலை நாங்கள் பள்ளுருத்தி போய்த் திரும்புவதற்குள் அக்கா பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எல்லாத் தொட்டிகளிலும் ஊற்றிவிட்டார்.

படியேறும்போதே நெடி அடித்தது. மனைவி முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். பச்சை வெளுத்து வைக்கோல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கொட்டல மோளே. நீ சொன்ன மாதிரி ஒரு துளி கொட்டல. கொதுகுக்கு மருந்துதான் போட்டேன்" என்றார் அக்கா. அவள் முகத்தைப் பார்த்த பிறகு குரல் இறங்கியது. "அதுல சீவன் இருக்குன்னு ஆரும் சொல்லலியே."

மீன்தொட்டிக் கடையில் குளோரினை முறிக்கும் மருந்து கிடைக்கும். ஓடிப்போய் இருந்ததையெல்லாம் வாங்கி வந்து ஊற்றினேன். மதியத்துக்குள் செத்த பாசி மேலே வெள்ளை ஆடையாகப் படிந்தது.

முந்தின நாள் பாசி வடிகட்டிய துணி கொடியில் ஈரமாகத் தொங்கியது. அதில் ஒட்டியிருப்பதாவது பிழைக்கட்டும் என்று, கொதித்து ஆறிய தண்ணீரில் அதைப் பிழிந்து, உரம் கலந்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். பிறகு ஆலுவாவுக்குப் போன் செய்தாள். யாரிடமும் கெஞ்சி நான் பார்த்திராதவள், "ஒரு வாரம் சார், ஒரே வாரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த திங்கள் வருவதாகச் சொன்னார்கள்.

தினமும் காலையில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். வியாழனன்று என்னைக் கூப்பிட்டாள்.

"பச்சை தெரியுதா? பத்திரிகைக்காரர்தானே நீங்க, கண்ணுல படுறத மட்டும் சொல்லுங்க."

தெரிந்தது. ஜன்னல் கதவின் பெயின்ட்டும் பச்சை. நான் பாட்டிலை வாங்கி, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் பிடித்தேன். உள்ளே வெறும் தண்ணீர்தான் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவள் பாட்டிலைத் திரும்ப ஜன்னலிலேயே வைத்தாள். சனிக்கிழமை வரை வைத்திருந்தாள். அன்று மாலை ஆலுவாவுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"மேல வரட்டா மோளே?"

மனைவி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. எல்லாத்தையும் கொட்டிடலாம்."