புது எண்ணுக்கு வைத்த பரீட்சை

"போன் கெட்டுப்போச்சு. இது என் புது நம்பர், சேவ் பண்ணிக்கோ" என்று கணவர் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. யாரிடம் இந்த ஏமாற்று வேலை? சமூக மன்றத்தில் மோசடி பற்றிய பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். சந்தேகம் வந்தால் சொந்த ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட் காப்பிக்கடையில நான் என்ன குடிப்பேன்?" என்று அனுப்பினேன்.

"காப்பி" என்று உடனே பதில் வந்தது.

இருபது வருஷமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் குடிப்பது தே ஓ, பால் சேர்க்காத தேநீர். திருடன் மாட்டிக்கொண்டான் என்று அந்த எண்ணை பிளாக் செய்தேன்.

சாயங்காலம் கணவர் புதுப் போனோடு வாசலில் நின்றார். "ஏன் பிளாக் பண்ணிட்டே? நான்தான்லா அது!"

"மோசடிக்காரனா இருந்தா நான் என்ன குடிப்பேன்னு விசாரிச்சுட்டு வந்திருப்பான்" என்றேன்.