வலது தொடைக்கு இன்னொரு கை எண்ணெய்

வலது தொடைக்கு மட்டும் இன்னொரு கை தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார் விலிகேசா. செவ்வாய்க்கிழமை என்றால் அப்படித்தான். எங்கள் தீவின் தலைநகரான சுவாவில், மருத்துவக் கல்லூரி ஒன்றில் அன்று அவர் உடம்புதான் பாடம்.

"கல்யாணத்துக்கா போறீங்க? வழுக்கி விழுந்துடாதீங்க," என்றாள் மனைவி மெரேசெய்னி, மரவள்ளிக்கிழங்கை உரித்தபடி.

"போடி, நாளைக்கு டாக்டராகப் போறவங்க எல்லாம் என்னைப் பார்த்துத்தான் படிக்கிறாங்க."

பொய்யில்லை. அரைக்கால் சட்டையோடு மேசைமேல் நிற்பது அவர் உத்தியோகம். மாணவர்கள் வண்ணப் பேனாவால் அவர்மேல் தசைகளை வரைந்து பெயர் எழுதுவார்கள்: தோளில் முக்கோணத் தசை, புயத்தில் இருதலைத் தசை, இடது தொடையில் நாற்றலைத் தசை, அதன் குறுக்கே இறங்கும் தையற்காரர் தசை. வீடு திரும்பியும் குளிக்கமாட்டார். அந்தப் பெயர்களோடே, காவா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் ஊர் வட்டத்தில் போய் உட்காருவார். "பேர் எழுதி வச்சாச்சு, இனி திருடு போகாது," என்று வட்டம் சிரிக்கும். ஒரு காலத்தில் ரக்பி ஆடியவர். ஊர் மறந்தாலும் தசை மறக்காது என்பது அவர் கட்சி. வலது முழங்கால் மட்டும் எப்போதோ கட்சி மாறிவிட்டது. அதனால் இடது காலை முன்வைத்தே நிற்பார்.

எண்ணெய்மேல் பேனா பிடிக்காது என்று அவரிடம் சொல்லாதவர் இல்லை. பளபளப்பில்லாத உடம்போடு சபையில் நிற்பது எங்கள் தீவில் மரியாதையா என்ன?

அன்று வகுப்பில் வலது தொடையில் பேனா வழுக்கவே, லவேனியா என்ற மாணவி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

"மேடம், மாமாவுக்கு இந்தத் தொடை மெலிஞ்சிருக்கு!"

ஆசிரியை நாடாவால் இரண்டையும் அளந்தார். முகம் மலர்ந்தது. "அருமையான தேய்மானம்! புத்தகத்துலகூட இவ்வளவு தெளிவா இருக்காது. ஏன் விலி இத்தனை நாள் மறைச்சீங்க? அடுத்த வாரத்துலருந்து நோய் வகுப்புக்கு வந்துடுங்க. இங்க வேற நல்ல உடம்பா பார்த்துக்கறோம்."

"மாமாவுக்குப் பதவி உயர்வு!" என்று பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

அன்று அவர் குளித்துவிட்டுத்தான் காவா குடிக்கப் போனார்.

மறுவாரம் புது வகுப்பு வலப்பக்கமாகக் கூடியது. தேய்ந்த இடத்தை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தது.

"தளர்த்தி வைங்க, மாமா."

வலது காலைத் தளர்த்தினார். யாரும் நிற்காத பக்கத்தில், எண்ணெய் மின்னும் இடது தொடையை, மணி அடிக்கும்வரை இறுக்கியே வைத்திருந்தார்.