இடம் உண்டா இல்லையா

டேல் கங்காஸ் அமெரிக்காவின் வடக்கே ஒரு சின்ன ஊரில் சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து பனிப்புயல் கிளம்பிவிட்டால், அவர் வண்டி போன பிறகுதான் பள்ளிப் பேருந்தே நகரும். மனைவி பிரிந்து டுலூத் நகரத்துக்குப் போன பிறகு அவரும் மகள் மாரிட்டும்தான் வீட்டில்.

பள்ளியின் கடைசி வருடத்தில் மாரிட், பாஸ்டன் பக்கம் ஒரு கல்லூரிக்கு எல்லோருக்கும் முன்னதாக நவம்பரிலேயே விண்ணப்பித்திருந்தாள். டிசம்பரில் பதில் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. சேர்த்துக்கொண்டோம் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. வசந்த காலத்தில் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்க்கிறோம் என்றிருந்தது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், ஒத்தி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அதனாலென்ன, கொஞ்சம் தாமதமாகப் போனால் போயிற்று என்று அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஆறுதல் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காப்பி குடிக்க எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது, அங்கே மேசைமேல் அந்தக் கல்லூரியின் பெயரெழுதிய கேக் இருந்தது. காப்பிக் கடை ஹேசல், "வந்துட்டாய்யா பாஸ்டன்காரி. நாளைக்கு நம்மளையெல்லாம் அடையாளம் தெரியுமோ என்னமோ," என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா முகமெல்லாம் பூரிப்பாக நின்றார். மாரிட் தட்டை நீட்டினாள். கொடுத்த துண்டைத் தின்றாள், இன்னொன்றையும் தின்றாள்.

வண்டியில் திரும்பும்போதுதான் சொன்னாள்.

"அப்பா, எனக்கு இடம் கிடைக்கலை."

"நீதானே ஒத்தி வச்சிருக்காங்கன்னே? கொஞ்சம் லேட்டா சேர்ந்துக்கலாம்னுதானே?"

"இடத்தை இல்லப்பா. முடிவை."

டேல் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அப்போ அந்தக் கேக்கு?"

"அதான் தின்னாச்சே."

மறுநாளிலிருந்து ஊரே யோசனை சொன்னது. வாராவாரம் போன் பண்ணு என்றாள் ஹேசல். நானே நேரில் ஓட்டிக்கொண்டு போய்க் கேட்கிறேன் என்றார் அப்பா. பள்ளியில் கல்லூரி விவகாரங்களைக் கவனிக்கும் ஓகர்ஸ்ட்ரம் அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"போனும் வேணாம், படையெடுப்பும் வேணாம். அரையாண்டு மார்க்கை நான் அனுப்பிடறேன். நீ ஒரே ஒரு கடிதம் எழுது, ஒரு பக்கத்துக்குள்ள. நவம்பருக்கப்புறம் புதுசா என்ன செஞ்சேன்னு சொல்லு. கூப்பிட்டா கண்டிப்பா வருவேன்னா அதையும் எழுது. அதுக்காக அதையே நம்பி உக்காந்திராம மத்த காலேஜுக்கும் போட்டு வை."

"கண்டிப்பா வருவேனான்னு இப்ப எனக்கே தெரியலையே, மேடம்."

"தெரியலைன்னா அந்த வரியை விட்டுடு."

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வேறு சில கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து முடித்தாள். கடிதம்தான் நகரவில்லை. புதிதாக என்ன செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில், பயிற்சியாளர் கால் முறிந்து கிடந்ததால் சின்னப் பெண்களின் ஐஸ் ஹாக்கிக் குழுவை அவள் பார்த்துக்கொண்டதையும், அவர்கள் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காததையும் எழுதினாள். ‘கூப்பிட்டால் கண்டிப்பாக வருவேன்’ என்ற வரியை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு, அது உண்மைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

பிப்ரவரியில், தான் விண்ணப்பித்திருந்த மினியாபொலிஸ் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனாள். அங்கே யாரும் அவளைப் பாஸ்டன் பற்றி எதுவும் கேட்கவில்லை. உணவுக்கூடத்தில் ஒரு கிண்ணம் சூப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் எழுந்து வர மனமில்லை. அங்கே இடமும் கிடைத்தது.

மார்ச் கடைசியில் பாஸ்டன் கல்லூரி சேர்த்துக்கொள்வதாக எழுதியது. ஆசைப்பட்டது கைக்கு வந்தும் சந்தோஷம் வரவில்லை. ‘கண்டிப்பாக வருவேன்’ என்ற அந்த வரி சட்டப்படி உன்னைக் கட்டுப்படுத்தாது என்றார் ஓகர்ஸ்ட்ரம். மாரிட்டுக்கோ கொடுத்த வாக்கு உறுத்தியது. ஏப்ரல் முழுக்க ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே என்று அலைபாய்ந்தாள். தேவாலயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், இடம் கிடைத்துவிட்டது, ஆனால் போவாளா தெரியாது என்று டேலுக்கு விளக்கி மாளவில்லை.

பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளில் பாஸ்டனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். வாழ்த்துகள் என்று அங்கிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. கொஞ்சமாவது வருத்தப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த அவளுக்கு அது சுருக்கென்றது.

செப்டம்பரில் மினியாபொலிஸ் விடுதியின் மாடிக்குப் பெட்டிகளைத் தூக்கி வந்து வைத்த அப்பாவிடம் மெல்லக் கேட்டாள்:

"நான் செஞ்சது சரிதானாப்பா?"

"எனக்கெங்க தெரியும்?" என்றார் டேல், மூச்சு வாங்கியபடி. "வண்டியை நிறுத்தக் கூடாத இடத்துல விட்டுட்டு வந்திருக்கேன். இன்னும் எத்தனை பெட்டி இருக்கு?"