கொக்கின் வெள்ளைச் சட்டை

அந்தக் குழாய் ரிப்பேர்காரனைக் கொக்கு என்றால்தான் தெருவில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். நீளக் கழுத்து, நீளக் கால், வேலை முடிந்து குளித்ததும் மேலே ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை. பிறகு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சின்ன வயதில் அவனுக்கு வாய்த்ததெல்லாம் அழுக்குத் தெரியாத நிறங்கள். அண்ணன்மார் போட்டுத் தேய்த்தது போக மிஞ்சியவை. முதல் சம்பளம் வந்ததும் ஓடிப்போய் வாங்கினான் பாருங்கள், கண் கூசுகிற மாதிரி ஒரு வெள்ளை! அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவன் கண்ணாடியோடே பேச ஆரம்பித்துவிட்டான். அதுவரை எதைக் கேட்டாலும் 'ம்' என்பதற்கே யோசிக்கிற பிள்ளை. அன்றிலிருந்து அப்படித்தான். வேலைச் சட்டையில் ஊமை, வெள்ளைச் சட்டையில் வக்கீல்.

வம்பு இஸ்திரிக் கடையில் வந்தது. அங்கே இஸ்திரி போடுகிறவள் மேல் கொக்குக்கு உயிர். அவளைப் பார்ப்பதற்காகவே மடிப்புக் கலையாத சட்டையைத் தானே கசக்கி எடுத்துக்கொண்டு போவான். ஆனால் போகும்போது சட்டை கையில் இருக்கும், உடம்பில் இருக்காது. உடம்பில் இல்லையென்றால் பேச்சு வராதே! போட்டுக்கொண்டு போகலாமென்றால், அப்புறம் எதைக் கொடுத்து இஸ்திரி போடச் சொல்வது?

"காலருக்குக் கஞ்சி போடணுமா?" என்பாள் அவள். தலையை ஆட்டுவான். "வேணாமா?" அதற்கும் ஆட்டுவான். வருஷம் முழுக்க இப்படி ஆடியே போயிற்று.

அவன் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியில். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் அக்காவே கடைக்குப் போய், "ஞாயித்துக்கிழமை காலையில பூங்கா வாசலுக்கு வாம்மா, என் தம்பி உங்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு வந்தது. கொக்கு குளித்துப் பவுடர் போட்டு, இந்த நாளுக்கென்றே மூன்று நாளாய்ப் போடாமல் மாட்டி வைத்திருந்த சட்டையை எடுக்க பீரோவைத் திறந்தான். ஹேங்கர் மட்டும் ஆடியது.

ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அக்கா முகத்துக்கு நேரே ஆட்டினான்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என் கொழுந்தன் இன்டர்வியூன்னு வந்து நின்னான்டா. ரெண்டு நாள்ல தர்றேன்னான். மறந்தே போச்சு."

கைக்குக் கிடைத்த நீல வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அக்காவைப் பின்னால் ஏற்றி, ஸ்கூட்டரை விரட்டினான் கொக்கு. கொழுந்தன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"சட்டையா அண்ணி? எங்க மச்சான் வாங்கிட்டுப் போனாரே!" என்றான் வாய் நிறைய நுரையோடு. அவன் பெண்டாட்டியின் அண்ணன் பஸ் டிரைவர். "இன்னிக்கு அவருக்கு டிப்போல போட்டோ புடிக்கிறாங்க. அதையே போட்டுக்கிட்டு பூங்கா பஸ்ஸை எடுத்துட்டாரு."

அக்காவின் தம்பி, அக்கா புருஷனின் தம்பி, அந்தத் தம்பி பெண்டாட்டியின் அண்ணன். ஒரு சட்டை எத்தனை உறவைச் சுற்றி வந்திருக்கிறது பாருங்கள்!

மார்க்கெட் முனையில் பஸ்ஸைப் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்றால், அக்கா இறங்கி ஓடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ் முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணே, சட்டையக் கழட்டுங்க!"

"என்னம்மா, நடுரோட்டுல மானத்த வாங்குற?" ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார் டிரைவர். "எனக்குப் போட்டோ இருக்கு."

"உங்களுக்குப் போட்டோ. இவனுக்கு வாழ்க்கை!"

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். "குடுத்துட்டு வண்டிய எடுய்யா!" என்று ஒரு கூட்டம். "குடுக்காதீங்க அண்ணே, உங்களுக்கு எடுப்பா இருக்கு!" என்று இன்னொரு கூட்டம். கண்டக்டர் பஞ்சாயத்து பண்ண வந்தார். கொக்கு படியேறி வந்து, மாற்றிக்கொள்ளலாம் என்று தன் நீலச் சட்டையைச் சரசரவென்று கழற்றி நீட்டினான். டிரைவர் வாங்கவில்லை. பனியனோடு நின்றான் பாவம். மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று.

"அண்ணே! ஒரு வருஷமா ஒருத்திகிட்ட வாயத் திறக்க முடியாம கெடந்து அல்லாடுறேன். பூங்கா வாசல்ல காத்துக்கிட்டு இருப்பா. என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கணும். அந்தச் சட்டை இல்லாம எனக்குப் பேச்சு வராதுண்ணே!"

"இது பேச்சு இல்லாம வேற என்னவாம்?" என்றார் கண்டக்டர்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "பூங்கா வாசலுக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்குங்க."

இஸ்திரிக் கடைக்காரி எழுந்து நின்றாள். பூங்காவுக்குப் போக அவளுக்கும் இந்த பஸ்தானே! கொக்கு நீலச் சட்டையை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டான்.

"கேட்டாச்சில்ல?" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு. இனிமே அந்தச் சட்டை ஊர் சுத்தக் கூடாது. தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கும் அது மேல ஆசை வந்துடுச்சு. வாரத்துல பாதி நாள் எனக்கு."

பஸ்ஸே கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். அக்கா ஏறி வந்து, சம்பந்தமில்லாமல் டிரைவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்ள இறங்கிப் போனாள்.

"அப்ப சோலி முடிஞ்சுதில்ல?" என்று டிரைவர் கியரைப் போட்டார். "இன்னிக்கு மட்டும் சட்டை எனக்கு."

கொக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பனியன், மேலே தலைகீழாகப் போர்த்திய நீலச் சட்டை, முகமெல்லாம் பல். அவள் ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவன், டிரைவர் வெயிலுக்குச் சட்டைக் கையை மடிப்பதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே! கைய மடிக்காதீங்கண்ணே!"

"நான் போட்ட இஸ்திரி, போட்டோ வரைக்கும் அப்படியே இருக்கணும்ணே!" என்று அவளும் எழுந்து கத்தினாள்.