சாவி ஆணியில் இருந்தது

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் பயந்தாங்கொள்ளியும் இல்லை. இது நடந்தது பட்டப்பகலில்.

எங்கள் மீடியம் வேவ் வானொலி நிலையத்துக்கு ஐம்பது வயது. "நீதான் நல்லா எழுதுவியே" என்று நிலைய வரலாற்றை ஆபரேட்டரான என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று டிரான்ஸ்மிட்டர் அறையில் உட்கார்ந்து நிலையம் தொடங்கிய பன்னிரண்டாம் வருடம் நடந்த விபத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கோபுரத்தில் ஆள் இருக்கும்போதே அப்போதைய ஆபரேட்டர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டார். ஏறியவர் கருகிப்போனார். ஆபரேட்டர் சிறைக்குப் போய் அங்கேயே செத்தார். 'அவர் குடித்திருந்தார்' என்று எழுதினேன். எல்லோரும் சொல்வது அதுதான்.

மதியம் இரண்டு முதல் மூன்றேகால் வரை ஒலிபரப்பு கிடையாது. அந்த இடைவேளையில் கோபுர உச்சியில் விளக்கு மாற்ற என் அக்கா புருஷன் ஏறியிருந்தார். ஒலிபரப்பின்போது கோபுரம் முழுக்க மின்சாரம் ஓடும். அதனால் டிரான்ஸ்மிட்டரின் ஒரே சாவியை, ஏறுபவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். இறங்கி வந்து அவரே டிரான்ஸ்மிட்டர் அறை ஆணியில் மாட்டிய பிறகுதான் நாங்கள் சுவிட்சைத் தொடுவோம்.

3.10. கிர்ர்ர்... கோபுரத்தடி அறையிலிருந்து போன்.

"மாப்ள, இறங்கிட்டேன். சாவிய மாட்டியாச்சு. போடு."

அத்தானின் குரல்தான். அதே கரகரப்பு. ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆணியில் சாவி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எடுத்தேன். ஜில்லென்று இருந்தது. துளையில் நுழைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. கோபுரத்தடி இங்கிருந்து ஐந்து நிமிட நடை. அங்கிருந்து பேசுகிறவர்... இங்கே எப்படி மாட்டினார்?

3.11. ஜன்னலைத் திறந்தேன்.

கோபுர உச்சியில் இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தான்.

மேஜையில் ரிசீவர் முனகியது.

"போடு, மாப்ள..."

சாவியை உருவி, கைக்குள் இறுக்கிக்கொண்டு கோபுரத்தடிக்கு ஓடினேன்.

3.40க்கு அத்தான் இறங்கினார். "நான் எங்கடா போன் பண்ணேன்? மேலதான இருந்தேன்" என்றார். சட்டைப்பையின் பட்டனைக் கழற்றினார். உள்ளேயிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

நான் கையை விரித்தேன்.

ஒன்றுமில்லை... சாவியின் தடம் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்க அக்காகிட்ட சொல்லித் தொலைக்காத" என்றார்.

மறுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறக்கவைத்து, பன்னிரண்டாம் வருடப் பதிவேட்டை எடுத்தேன். கடைசியாக அந்த ஆபரேட்டர் எழுதியிருந்தார்:

'3.10. இறங்கிவிட்டதாகப் போனில் சொன்னார். அவர் குரல்தான். சாவி ஆணியில் இருந்தது. போட்டேன்.'

'அவர் குடித்திருந்தார்' என்று நான் எழுதிய வரியை அடித்தேன். பாவி, என்ன எழுதிவிட்டேன்.

பதிவேட்டில் அவர் குறிப்புக்குக் கீழே விசாரணை அதிகாரியின் சிவப்பு மை:

'பொய். சாவி, இறந்தவரின் சட்டைப்பையில் இருந்தது. பட்டன் போட்டபடி.'